சுடுதண்ணி ஊத்துனா மட்டும் நிக்கிற வாந்தி

கேள்வி: டாக்டர் அக்காவுக்கு வணக்கம். எங்களுக்கு கம்பம் பக்கம். வீட்டுக்காரருக்கு 31 வயசு, சொந்த ஜீப்பு, காலைல கம்பமெட்டு வழியா கேரளா பக்கத்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போயி சாயங்காலம் கொண்டுவந்து இறக்கி விடுவாரு. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே கஞ்சாப் பழக்கம், இப்ப தினமும் மூணு நாலு தடவ ஆயிருச்சு. சாராயம் தொட மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. நான் ஏதாவது கேட்டா, இது செடி தான, எங்கப்பன் மாதிரி குடிச்சுட்டு வந்து உன்ன அடிச்சனாங்குறாரு. ஒன்றர வருசமா திடீர் திடீர்னு வாந்தி வருது, ஆரம்பிச்சா ரெண்டு நாள் நிக்காது. மூணு ஆஸ்பத்திரி பாத்தாச்சு, ரெண்டு தடவ டியூப்பு விட்டுப் பாத்து குடல்புண்ணு, கேஸுன்னு மாத்திர குடுத்தாங்க. கொதிக்க கொதிக்க சுடுதண்ணி ஊத்துனா மட்டும் கொஞ்சம் அடங்குது, ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் அண்டாவ அடுப்புல ஏத்துறேன். மாமியார் செய்வினைங்குறாங்க, கோடாங்கிகிட்டயும் போயிட்டு வந்தோம். வெளிய சொன்னா மானம் போகும், போலீசு கேசு ஆயிருமோன்னும் பயமா இருக்கு. இன்னொன்னு, கொழுந்தன் பதினொண்ணாவது படிக்கிறான், அண்ணன் சரக்க எடுத்து அவனும் அடிக்கிறான் போல, இப்ப ஸ்கூலுக்கும் போறதில்ல, எல்லாரும் என்னயப் பத்தி பேசுறாங்கன்னு ஜன்னல சாத்திட்டு உள்ளயே ஒக்காந்திருக்கான். நான் என்ன பண்ணட்டும்?
பேர் வேண்டாம், கம்பம் பக்கத்து ஊர்

பதில்:

தங்கச்சி, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். அண்டாவ அடுப்புல ஏத்துறேன்னு எழுதியிருக்கீங்களே, அந்த இடத்துலயே எனக்குப் பாதி விசயம் புரிஞ்சு போச்சு, அதுக்கு வர்றேன். ஆனா அதுக்கு முன்னால, கடைசியா போற போக்குல எழுதியிருக்கீங்க பாருங்க கொழுந்தனப் பத்தி, அது தான் எனக்கு அவசரமா படுது. இந்த வாரத்துக்குள்ள அவன ஒரு மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருங்க, அண்ணன் சம்மதிக்கட்டும், மாமியார் மனசு மாறட்டும்னு காத்திருக்க வேண்டாம். ஏன்னு கீழ எழுதுறேன்.

இப்ப வாந்திக்கு வருவோம். வருசக்கணக்கா, கிட்டத்தட்ட தினமும் கஞ்சா அடிக்கிறவங்கள்ல சில பேருக்கு அந்த கஞ்சாவே வாந்தி நோயக் கொண்டு வந்துரும். அதுக்குப் பேரு கன்னாபினாய்டு ஹைப்பர்எமிசிஸ் சிண்ட்ரோம், பேரு கெடக்கட்டும், அடையாளத்த பாருங்க. காலைல எந்திரிச்சதும் கொமட்டல், வயித்தப் பிசையிற வலி, பெறகு ஒரு நாள் பிடிச்சா ரெண்டு நாளைக்கு விடாத வாந்தி, அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி கொஞ்ச நாள் நல்லா இருப்பாரு, மறுபடி வரும். டியூப்பு விட்டுப் பாத்தா பெருசா ஒண்ணும் தெரியாது, லேசா செவந்திருக்குன்னு எழுதுவாங்க, அல்சர் மாத்திர கேக்காது, சாதாரண வாந்தி ஊசியும் சரியா கேக்காது. சுடுதண்ணியில நின்னா மட்டும் அடங்கும். நீங்க எழுதியிருக்குறதோட ஒத்துப் பாருங்க. இத முதல்முதலா தெளிவா கண்டுபிடிச்சு எழுதுனது 2004ல, ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு மலைப்பக்கத்து நோயாளிகளப் பாத்த டாக்டருங்க, அவங்களுக்கும் துப்பு குடுத்தது இந்த சுடுதண்ணிக் குளியல் தான்.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தது அதுக்கு ரெண்டு மூணு வருசம் முன்னாடி. ஒரு பையன், லோடு ஏத்துற வேல, இருபத்தஞ்சு வயசுக்குள்ள தான் இருக்கும், மாசம் ஒரு தடவ வாந்தியோட வருவான், டிரிப்ஸ் ஏத்தி அனுப்புவோம். ஒரு ராத்திரி பெட்டுல ஆளக் காணோம்னு தேடுனா வார்டுக்குப் பின்னால சுடுதண்ணி பிடிக்கிற எடத்துல குத்தவச்சு ஒக்காந்து மக்குல மோந்து மோந்து தோள்ல ஊத்திக்கிட்டு இருக்கான், தோலு ரெண்டு பக்கமும் வெந்து செவந்து போயிருக்கு, கண்ணு மூடியிருக்கு, பல்லு கிட்டி நடுங்குறான். பெரிய டாக்டர் மறுநாள் ரவுண்ட்ஸ்ல நடிக்கிறான், டிஸ்சார்ஜ் போட்டு விடுன்னாரு. நானும் போட்டு விட்டேன். அவன்கிட்ட நீ என்னப்பா இழுக்குறன்னு ஒரு வார்த்த கேக்கல, யாருமே கேக்கல. பின்னால இந்த நோயப் பத்திப் படிச்சப்ப அந்தத் தோள் தான் கண்ணு முன்னால வந்துச்சு. அன்னைல இருந்து வாந்தின்னு வர்ற எந்த பையன்கிட்டயும் நான் முதல்ல கேக்குறது, சுடுதண்ணியில குளிச்சா நல்லா இருக்கா தம்பிங்குறது தான்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, அத உங்க வீட்டுக்காரரு கண்டிப்பா சொல்லுவாரு. கஞ்சா வாந்திய நிறுத்துற மருந்துல்லனு. அது பொய்யில்ல, கஞ்சாவுல இருக்குற டிஎச்சிங்குற சத்த மாத்திரையாக்கி கேன்சர் நோயாளிங்க வாந்திக்கு அமெரிக்காவுல 1985ல இருந்தே குடுக்குறாங்க. அளவா குடுத்தா அடக்கும், வருசக்கணக்கா தினமும் ஏத்திக்கிட்டே இருந்தா கொடலும் மூளையும் அதுக்குப் பழகிப் போயி சில பேருக்கு எதிர்த்தாப்புல வேல செய்ய ஆரம்பிச்சிரும். காலைல கொமட்டுதுன்னு ஒரு தம் இழுப்பாரு, கொஞ்சம் நிக்கிற மாதிரி இருக்கும், அதுவே அடுத்த வாந்திக்கு விறகு போடுற கதையா ஆகிப்போகும்.

சுடுதண்ணி ஏன் கேக்குதுன்னா, சூட்டையும் மிளகா காரத்தையும் நம்ம உடம்புல ஒரே நரம்பு சென்சார் தான் பிடிக்குது, அதத் தட்டி விட்டா கொமட்டல் அடங்குதுன்னு டாக்டருங்க நெனைக்கிறாங்க. அதனால கேசுவாலிட்டில சில எடத்துல மிளகாச் சத்துல செஞ்ச ஒரு ஆயின்மெண்ட வயித்து மேல தடவுவாங்க, ஹாலோபெரிடால்னு ஒரு ஊசியும் இதுக்கு நல்லா கேக்கும். இதப் படிச்சுட்டு வீட்டுல மிளகாத்தூளக் கொழச்சு பூசிறாதீங்க, தோல் வெந்துரும், அத டாக்டர் தான் பண்ணணும். அண்டா விசயத்துலயும் கவனம். வாந்தி எடுத்து ஏற்கனவே உடம்புல தண்ணி இல்ல, அதுல கொதிக்கிற தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா இன்னும் வத்தும், நின்ன எடத்துலயே மயங்கி விழுவாரு, வாளிக்குள்ள போடுற ஹீட்டர் கம்பி வச்சிருந்தீங்கன்னா அத இன்னைக்கே தூக்கி மேல போட்டுருங்க. எட்டு பத்து மணி நேரமா யூரின் போகலன்னா, கை கால் இழுத்துப் பிடிச்சா, வாந்தியில ரத்தம் தெரிஞ்சா, பேச்சு கொழறுனா, அது ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போங்க. இந்த வாந்தியில கிட்னி அடி வாங்கும், ரத்தத்துல பொட்டாசியம் கொறஞ்சு இதயம் தாளம் தப்பும், உயிர் போனவங்களும் இருக்காங்க.

அங்க போனதும் டாக்டர்கிட்ட நீங்க வாயத் தெறந்து சொல்லணும், இத்தன வருசமா தினமும் கஞ்சா அடிக்கிறாரு, சுடுதண்ணியில மட்டும் நிக்குதுன்னு. மூணு ஆஸ்பத்திரியிலயும் இத சொல்லியிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும், பக்கத்து பெட்டுக்காரங்க காதுல விழுந்துருமோன்னு முழுங்கியிருப்பீங்க. நாலு பேரு முன்னால சொல்ல முடியலன்னா ஒரு சீட்டுல எழுதி டாக்டர் கையில குடுங்க, போதும். மாமியார் செய்வினைங்குறாங்கன்னு லெட்டர்ல எழுதியிருந்தீங்களே, கோடாங்கிகிட்ட போனதுக்காக உங்கள நான் கொற சொல்ல மாட்டேன், மூணு எடத்துலயும் பதில் கெடைக்காட்டி மனுசன் எங்க தான் போவான், ஆனா இனி அந்தக் காச இதுக்கு செலவு பண்ணாதீங்க.

போலீசு பயத்துக்கு வர்றேன். டாக்டர்கிட்ட சொன்னா அவரு போலீசுக்கு போன் போட மாட்டாரு, மனநல சிகிச்சைக்குப் போனா உங்க விசயத்த ரகசியமா வச்சுக்கிறது 2017ல வந்த மனநலச் சட்டப்படி உங்க உரிமை. கஞ்சா அடிக்கிறது குத்தம் தான், 1985ல வந்த என்டிபிஎஸ்ங்குற போதைப்பொருள் சட்டத்துல 27ஆவது பிரிவு, ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்லாட்டி பத்தாயிரம் வரைக்கும் அபராதம், இல்லாட்டி ரெண்டும். ஆனா அதே சட்டத்துல 64ஏன்னு ஒரு பிரிவு இருக்குறது நிறைய பேருக்குத் தெரியாது. அடிமையாப் போனவரு இந்த மாதிரி அடிச்சதுக்கோ, சின்ன அளவு வச்சிருந்ததுக்கோ கேசுல மாட்டிக்கிட்டா, தானா முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலயோ அரசு அங்கீகாரம் உள்ள எடத்துலயோ வைத்தியம் பாத்து அத முழுசா முடிச்சா, அந்த கேசுல இருந்து அவருக்குப் பாதுகாப்பு உண்டு, பாதியில விட்டுட்டு ஓடுனா அந்தப் பாதுகாப்ப எடுத்துரலாம். வைத்தியத்துக்குப் போனா தான் மாட்டிக்குவோம்னு நம்ம பக்கத்துல ஒரு பேச்சு ஓடுது பாருங்க, அது அப்படியே தலகீழ்.

மாட்டிக்கிற எடம் எதுன்னா, தினமும் ரெண்டு தடவ செக்போஸ்ட்டு தாண்டுறாரே அது. ஒரு சின்னப் பொட்டலம் சீட்டுக்கு அடியில இருந்து கேரளா எக்சைஸ்காரங்க கையில சிக்குச்சுன்னா ஆளோட போகாது, கஞ்சா கொண்டு போன வண்டியையும் பறிமுதல் பண்ண சட்டத்துல எடம் இருக்கு, ஜீப்புக்கு டியூ கட்டிட்டு இருக்கீங்களோ என்னவோ. அதுக்கும் மேல எனக்கு நெஞ்சு பதறுறது, அந்த ஜீப்புல நெருக்கி ஒக்காந்து வர்ற ஆளுகள நெனச்சு. பாதிப் பேரு பொம்பளையாளுக, மடியில தூக்குவாளி, விடிஞ்சும் விடியாமயும் பனியில மெட்டு ஏறுற வண்டி, ஒவ்வொரு கொண்ட ஊசி வளைவுலயும் எதுத்தாப்புல பஸ்ஸோ லாரியோ வருதான்னு அர நொடியில முடிவு எடுக்கணும். கஞ்சா அந்த அர நொடியத் தான் தின்னும். தூரத்தக் கணக்குப் போடுறது, ஒரே லைன்ல வண்டியப் பிடிக்கிறது, திடீர்னு பிரேக் அடிக்கிறது எல்லாம் மந்தமாகும், இழுத்து மூணு நாலு மணி நேரம் கழிச்சும் அந்த மந்தம் இருக்கும், ஓட்டுறவருக்கு மட்டும் நான் நிதானமா தான் ஓட்டுறேன்னு தோணும். நானெல்லாம் இழுத்தா தான் நல்லா ஓட்டுவேன்னு சொல்ற டிரைவருங்கள நெறைய பாத்திருக்கேன், அது தினமும் அடிக்கிறவருக்கு அடிக்காட்டி வர்ற கை நடுக்கமும் எரிச்சலும், ஒரு தம் போட்டா அது அடங்குது, அத அவரு திறமைன்னு எடுத்துக்குறாரு. நிறுத்துற வரைக்கும், நிறுத்தி தலை தெளியிற வரைக்கும் மாத்து டிரைவர் போடுங்க, பத்து நாள் வருமானம் போனாலும் பரவால்ல.

இப்ப அந்த "அடிச்சனா" விசயம். இதுக்கு நீங்க என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம நின்னிருப்பீங்க, ஏன்னா அதுல உண்மை இருக்கு. அப்பா குடிச்சுட்டு வந்து அம்மாவ அடிக்கிறதப் பாத்து வளர்ந்த ஒரு பையன், நான் அப்படி ஆகமாட்டேன்னு மனசுல சத்தியம் பண்ணி, இத்தன வயசு வரைக்கும் அதக் காப்பாத்திட்டு இருக்காரு. அத மொதல்ல ஒத்துக்கங்க, வாய் விட்டு சொல்லுங்க, நீங்க மாமா மாதிரி இல்ல, அது எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும்னு. கஞ்சாக்குடிக்கின்னு மட்டும் எந்தக் கோவத்துலயும் சொல்லிறாதீங்க, அந்த ஒரு வார்த்தையில அவரு அப்பாவோட வரிசையில நிறுத்தப்பட்டுருவாரு, அதுக்கப்புறம் நீங்க சொல்ற எதுவும் காதுல ஏறாது. அந்த சத்தியத்தப் பிடிச்சே பேசுங்க, வாந்தி வந்த ராத்திரி வேண்டாம், இழுத்துட்டு வந்த நேரமும் வேண்டாம், நல்லா இருக்குற ஒரு காலைல. வீட்டுல யாருக்கும் நம்மளால ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு தான அன்னைக்கு சாராயத்த தொடல, இப்ப அதே மாதிரி தம்பி ஜன்னல சாத்திட்டு ஒக்காந்திருக்கான் பாருங்கன்னு சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சு உங்க வீட்டுல அவர அசைக்கக் கூடிய பேச்சு இது ஒண்ணு தான்.

செடி தானங்குறதுக்கும் ஒரு வார்த்த. அரளியும் செடி, ஊமத்தையும் செடி, தோட்டத்து ஆளுகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. சித்தருங்க சொன்னதுன்னும் எடுத்து விடுவாரு, சித்த வைத்தியத்துல சுத்தம் பண்ணி, அளவு பாத்து, வேற மருந்தோட சேத்து குடுக்குறது வேற, பொட்டலம் வாங்கி பொகையிலயோட கலந்து நாளைக்கு நாலு தடவ இழுக்குறது வேற. பொகையிலன்னதும் ஞாபகம் வருது, நிறுத்தும்போது கஞ்சா ஒண்ணு மட்டும் இல்ல, அதுல கலக்குற பொகையிலயோட நிக்கோட்டின் ஏக்கமும் சேந்து தான் ஆட்டும், ரெண்டையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

நிறுத்துனா என்ன ஆகும்னு முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கங்க, இல்லாட்டி பயந்து நீங்களே ஒண்ணு வாங்கிக் குடுத்துருவீங்க, அப்படி குடுத்த அம்மாக்கள எனக்குத் தெரியும். ஒண்ணு ரெண்டு நாள்ல ஆரம்பிக்கும், மொத வாரம் தான் கடுசு, சுள்ளு சுள்ளுன்னு கோவம், தூக்கமே வராது, வந்தா பயங்கரமா கனவு, சாப்பாடு எறங்காது, வேர்த்துக் கொட்டும். ரெண்டு மூணு வாரத்துல தணிஞ்சிரும், தூக்கம் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போகலாம். சாராயத்த திடீர்னு நிறுத்துனா வலிப்பு வருமே அந்த மாதிரி உயிருக்கு ஆபத்து கஞ்சாவ நிறுத்துறதுல இல்ல. இந்தப் பழக்கத்துக்குன்னே தனி மாத்திரன்னு ஒண்ணு இதுவரைக்கும் வரல, தூக்கத்துக்கும் படபடப்புக்கும் கொஞ்ச நாளைக்கு மருந்து குடுப்போம், மத்தது வாரா வாரம் ஒக்காந்து பேசுறது தான், எந்த நேரத்துல கை தேடுது, யாரு கூட இருக்கும்போது தேடுது, ஜீப்ப நிறுத்திட்டு தோட்டத்துல காத்திருக்குற அந்த நாலஞ்சு மணி நேரத்த என்ன பண்றதுன்னு.

முக்கியமான ஒண்ண விட்டுட்டேன். டிஎச்சி கொழுப்புல போயி தங்குற சரக்கு, தினமும் அடிச்சவங்க யூரின்ல நிறுத்தி ஒரு மாசம் கழிச்சும் தெரியும். அதனால நிறுத்துன மறுவாரமே வாந்தி போயிரணும்னு எதிர்பாக்காதீங்க, நிறுத்துன பிறகும் ஒரு தடவ ரெண்டு தடவ வரலாம், முழுசா விட கொஞ்ச மாசம் கூட ஆகலாம். பத்து நாள் நிறுத்திப் பாத்தேன், அப்பவும் வாந்தி வந்துச்சு, அப்ப கஞ்சா காரணம் இல்லன்னு சொல்லிட்டு திரும்ப ஆரம்பிச்சவங்க நிறைய. கொறச்சுக்குறேன், ஞாயித்துக்கெழம மட்டும்ங்குற பேச்சும் இந்த நோய்க்கு ஆகாது.

சாப்பாட்டுல கலந்து குடுங்க, தெரியாமயே நிறுத்திரலாம்னு பவுடர் விக்கிறாங்க, வாங்காதீங்க, அதுல என்ன இருக்குன்னு வித்தவனுக்கே தெரியாது. ராத்திரியோட ராத்திரியா ஆள கட்டித் தூக்கிட்டுப் போற மறுவாழ்வு இல்லம்னு யாராவது நம்பர் குடுத்தா அதுவும் வேண்டாம், மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கா, டாக்டர் தினமும் வர்றாரான்னு கேக்காம யாரையும் எங்கயும் விடாதீங்க. உங்களுக்குப் பக்கத்துல தேனி க.விலக்குல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, மனநலப் பிரிவுல காலைல ஓபி சீட்டு வாங்கி காட்டலாம், காசு கெடையாது. போறதுக்கு முன்னால யார்கிட்டயாவது பேசணும்னா போதை மறுவாழ்வுக்கு 14446, மனநலத்துக்கு டெலிமானஸ் 14416, ரெண்டும் இலவச நம்பர். நீங்க மட்டும் தான் இந்த நெலமையில இருக்கீங்கன்னு நெனைக்காதீங்க, 2019ல மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்புல கஞ்சா, பாங்கு பழக்கத்தால ஒதவி தேவைப்படுற நெலமையில நாட்டுல 72 லட்சம் பேரு இருக்காங்கன்னு வந்துச்சு, அதுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு வீடு இருக்குமில்ல.

இப்ப கொழுந்தன். பதினாறு வயசு மூளைங்குறது காரை காயாத செவுரு மாதிரி, முழுசா முதிர இருபத்தஞ்சு வயசு ஆகும். அந்த வயசுக்குள்ள கஞ்சா போறது, முப்பது வயசு ஆளு அடிக்கிறதோட ஒப்பிட முடியாது. எல்லாப் பயலுக்கும் மனநோய் வராது, ஆனா சில பேரு உடம்புல அதுக்கான வெதை இருக்கும், கஞ்சா அதுக்குத் தண்ணி ஊத்தி விட்டுரும். ஸ்வீடன்ல ராணுவத்துக்கு ஆள் எடுத்தப்ப 45,000 பேருக்கு மேல விசாரிச்சு வச்சு, 15 வருசம் தொடர்ந்து பாத்து 1987ல எழுதுனாங்க, அம்பது தடவைக்கு மேல கஞ்சா அடிச்சிருந்தவங்களுக்கு ஸ்கிசோஃப்ரினியாங்குற பெரிய மனநோய் வந்தது அடிக்காதவங்கள விட ஆறு மடங்கு. எல்லாரும் என்னயப் பத்தி பேசுறாங்க, ஜன்னல சாத்துங்குறது சோம்பேறித்தனமோ பரீட்ச பயமோ இல்ல, சேட்டையும் இல்ல. அவன் காதுக்கு நிஜமாவே கேக்கலாம், அவன் நிஜமாவே பயந்து போயி ஒக்காந்திருக்கலாம்.

அவன்கிட்ட யாருடா பேசுனா காட்டுன்னு சண்டைக்குப் போகாதீங்க, ஆமா பேசுறாங்கன்னு ஒத்தும் ஊதாதீங்க. பயமா இருக்குல்ல தம்பி, தூங்கி எத்தன நாளாச்சு, தூக்கம் வர டாக்டர்கிட்ட போவோம்னு மட்டும் சொல்லுங்க, தூக்கம்னு சொன்னா வருவான், பெரும்பாலும் வந்துருவாங்க. உங்க மாமனார் வழியிலயோ மாமியார் வழியிலயோ யாருக்காவது மனநோய் இருந்துச்சா, வீட்ட விட்டுப் போயிட்டாரு, சாமியாராப் போயிட்டாருன்னு பூசி மெழுகி வச்ச ஆளு யாராவது உண்டான்னு மாமியார்கிட்ட பக்குவமா கேட்டு வச்சுக்கங்க, டாக்டர் அதத் தான் மொதல்ல கேப்பாரு. சாகுறேன்னு ஒரு வார்த்த வந்தாலோ, யாரையாவது தாக்கப் போனாலோ, மூணு நாள் சாப்பிடாம தூங்காம இருந்தாலோ ஓபி நேரமெல்லாம் பாக்காம நேரா கேசுவாலிட்டிக்குப் போயிருங்க. ஆரம்பத்துலயே மருந்து போட்டா இந்த வயசுல நல்லா மீண்டு வர்றாங்க, திரும்ப ஸ்கூலுக்குப் போயி பன்னெண்டாவது எழுதுன பசங்க என்கிட்டயே இருக்காங்க, ஒரு வருசம் ரெண்டு வருசம் பூட்டி வச்சுட்டு கொண்டு வந்தா தான் எங்க கைய மீறிப் போகுது. ஊருல கேட்டா தூக்கமில்லாம தலவலின்னு சொல்லுங்க, அது பொய்யும் இல்ல.

அவர வரச் சொல்றதுக்கும் இதுவே வழியா இருக்கும்னு எனக்குத் தோணுது. உங்களுக்கு வைத்தியம் பாக்கணும்னு கூப்பிட்டா வர மாட்டாரு, தம்பிய க.விலக்கு வரைக்கும் கூட்டிட்டுப் போகணும், ஆம்பள ஆளு ஒருத்தர் கூட வரணும்னா வருவாரு. ஜீப்புல வேண்டாம், பஸ்ஸுல போங்க. அந்த ரெண்டு டியூப்பு ரிப்போர்ட்டையும், சாப்பிட்ட மாத்திர அட்டைகளையும் ஒரு கட்டப்பையில போட்டு எடுத்துக்கங்க, தம்பியப் பாத்து முடிச்சதும் அந்தப் பைய டாக்டர் மேசையில வச்சு, சார், இவருக்கும் ஒரு சீட்டு போடணும்னு நீங்களே சொல்லிருங்க.